“அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்”

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், தங்கச்சிமடத்தில் என் தங்கை மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பையனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். வலையிலிருந்து கழன்ற மிதவைகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, சுவரோரமாக நூல் பிடித்த மாதிரி அடுக்கிக்கொண்டே போனான். நான் நடுவில் ஒன்றைத் தள்ளி வைத்தேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மிதவையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான் பெரியம்மா. ஆனா அடுத்த வீட்டுல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா இங்கேருந்து ஓடுறான்” என்றாள் அவள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன் எழுந்து வந்தான். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜ் கதவின் மேல் அவள் கையை வைத்தான். கதவு திறந்தது. பால் பாக்கெட்டை எடுத்தான், போனான். அவ்வளவு நேரமும் அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சாவியைப் போட்டுத் திறப்பது போல அவள் கையைப் பயன்படுத்தினான்.

உள்ளிருந்து அவளுடைய மாமியாரின் குரல் வந்தது: “அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான். சும்மா பயப்படாதே.”

இந்தக் கடற்கரையில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, எந்த வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தாலும் முதலில் வருகிற வாக்கியம் இதுதான். ஆறுதலுக்காகச் சொல்வதுதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே ஒன்றரை வருடம் கரைந்துவிடும். நான் டாக்டர் இல்லை. பேச்சுத் தாமதத்தைப் பற்றியும் ஆட்டிசத்தைப் பற்றியும், அந்தத் திண்ணையில் தொடங்கி நானும் அவளும் தேடி, கேட்டு, அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வீட்டில் எல்லோரும் பேச்சையே பார்க்கிறார்கள். பேச்சு வந்துவிட்டதா, எத்தனை வார்த்தை என்று எண்ணுகிறார்கள். பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய விஷயங்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும், மறந்துவிட்டோம்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை நினைத்துப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும். மூன்றாம் மாதத்தில் தொடங்கி இரண்டு இரண்டு மாதமாகக் கூட்டி இருபத்தோராம் மாதம் வரை கணக்குச் சொல்வது ஒரு மரபு. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எனக்கு வெறும் பட்டியல். இப்போது பார்த்தால், குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டை மாதிரியே இருக்கிறது. தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. நாம் கொட்டினால் குழந்தையும் பார்த்துக் கொட்ட வேண்டும். முத்தம் கேட்டால் கொடுக்க வேண்டும். ‘வா’ என்றால் முகம் பார்த்து வரவேண்டும். அப்புறம் அம்புலி. நிலாவைக் காட்டினால் குழந்தை விரலைப் பார்க்காமல், விரல் போகிற திசையில் நிலாவைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, ‘நீயும் பார்த்தியா’ என்பது போல அம்மா முகத்துக்குத் திரும்புகிறது.

இந்தக் கடைசித் திருப்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. கூட்டுக் கவனம் என்கிறார்கள் இதை. ஒரு பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிறோம் என்ற உணர்வு அது. சொல் கற்பதே இதன் மேல்தான். அம்மா ‘காக்கா’ என்னும்போது அவள் எதைப் பார்த்துச் சொல்கிறாள் என்று பிடிபட்டால்தானே அந்தச் சொல் காக்கா மேல் போய் ஒட்டும்?

அதனால் பேச்சு தாமதமாகும் குழந்தைகள் எல்லோரும் ஒரே வகை இல்லை. ஒரு பிள்ளை இரண்டு வயதில் வார்த்தை இல்லாவிட்டாலும் விரலை நீட்டி விமானத்தைக் காட்டும், செத்த மீனைத் தூக்கிவந்து ‘பார்’ என்று முகத்துக்கு நேரே நீட்டும், தலையாட்டும், டாட்டா காட்டும், பொய்யாகக் காப்பி ஆற்றி நமக்குக் கொடுக்கும். அதற்குப் பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கலாம். இன்னொரு பிள்ளையிடம் இவை எதுவும் இருக்காது. தனக்கு வேண்டியதற்கு நம் கையை இழுக்கும். ஆனால் சும்மா காட்டுவதற்காக, பகிர்ந்துகொள்வதற்காக, விரலை நீட்டாது. மாமியார் சொன்ன அந்த அப்பன் எந்த வகை என்று நான் விசாரித்தேன். “ஊரையே கையைக் காலைக் காட்டி வேலை வாங்குவான்” என்றார். அப்படியென்றால் அந்த உதாரணம் இந்தப் பையனுக்குப் பொருந்தாது.

உத்தேசமான வயதுக் கணக்கும் உண்டு. ஒன்பது மாதத்தில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். ஒரு வயதில் டாட்டாவோ கும்பிடோ ஏதாவது ஒரு சைகை வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் சுட்டிக் காட்டுவதும் சில ஒற்றைச் சொற்களும். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ மாதிரி சொந்தமாகச் சேர்த்த இரண்டு சொல். விளம்பரப் பாட்டை அப்படியே ஒப்பிப்பது இதில் சேராது. எந்த வயதிலும் இருந்த பேச்சோ சிரிப்போ பழக்கமோ போய்விட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஆட்டிசத்துக்குத் தமிழில் பேர் வைப்பதில்தான் எத்தனை குழப்பம். அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று இருக்கும். பத்திரிகைகளில் ‘மதியிறுக்கம்’. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. புற உலகத்தை இந்தக் குழந்தைகள் நம்மைவிடக் கூடுதலாக உணர்கிறார்கள் என்பதுதான் பல நேரம் பிரச்சினை. விசைப்படகு எஞ்சின் சத்தம், கோயில் திருவிழா வேட்டு, சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டு எல்லாம் அவர்களைப் படுத்தி எடுக்கும். ஆட்டிசம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளை விவரித்து எழுதியதிலிருந்து இந்தப் பெயர் குழந்தைகளுக்கு வந்தது. இன்றைய வரையறையில் இரண்டு பக்கம் உண்டு. பிறரோடு பழகுவதிலும் பரிமாறிக்கொள்வதிலும் உள்ள வேறுபாடு ஒன்று. திரும்பத் திரும்பச் செய்வது, ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது, புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது இன்னொன்று. இரண்டும் இருக்க வேண்டும். மிதவையை வரிசையாக அடுக்குவதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. எல்லாப் பிள்ளையும் அடுக்கும்.

இது மூளை வளர்கிற விதத்தில் வரும் வேறுபாடு, மனநோய் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் ‘புத்தி சரியில்லை’ என்று சந்தேகம் வந்தாலே, மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா ஊரான ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயம் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறது. பிள்ளையை டாக்டரிடம் காட்டினால் அப்படி ஒரு முத்திரை விழுந்துவிடுமோ என்று அம்மாக்கள் தயங்குவதை நானே பார்த்திருக்கிறேன். தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போவதை நான் தடுக்க மாட்டேன். போய்விட்டு வாருங்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதும் வேண்டாம். குழந்தை மருத்துவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை.

முதல் பரிசோதனை காதுக்குத்தான். பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்கிறதே என்று என் தங்கை மகளும் வாதாடினாள். சில ஒலி கேட்கும், சில கேட்காது என்கிற குறைகள் உண்டு. பேச்சு ஒலி மட்டும் மங்கலாக விழலாம். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கட்டுவது சாதாரணம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு கூடுதல். அரசு மருத்துவமனையில் பெரா என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது தலையில் ஒட்டுகள் வைத்து, ஒலி மூளைவரை போகிறதா என்று பார்ப்பார்கள். காதுதான் காரணம் என்றால் அதற்கு வழி உண்டு. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு, காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இடமிருக்கிறது.

அடுத்து, யார் மேல் பழி போடுவது என்ற கேள்வி. இது கேட்காமலே வரும். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம், வயிற்றில் இருக்கும்போது அழுதாளாம், கொஞ்சவே தெரியாதாம். மேல்நாட்டிலும் இதே கதைதான் நடந்தது. அன்பில்லாத, குளிர்ந்த அம்மாக்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 60களிலும் பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதை உடைத்து, இது உடல்சார்ந்தது, மூளைசார்ந்தது என்று வாதிட்டார். இன்று பரம்பரைக் கூறுகளின் பங்கு மிகப் பெரியது என்பது தெளிவு. மூத்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அம்மா கொஞ்சியதும் கொஞ்சாததும் இந்தக் கணக்கில் இல்லை.

தடுப்பூசிக்கும் இதில் பங்கில்லை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பிய புரளி அது. 2010இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது, அவர் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆனாலும் அம்மாக்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது எனக்குப் புரிகிறது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடுவது. குழந்தை பேசாதது கண்ணில் படுவதும் அதே மாதங்களில்தான்.

செல்போன் கொஞ்சம் சிக்கலானது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வாப்பா துபாயில் இருப்பார், பிள்ளைக்கு அவர் ஒரு வீடியோ கால். இந்தப் பக்கம் அப்பா படகில் போய்விட்டால், அம்மா கருவாடு காயப்போடும் நேரத்துக்குப் போன்தான் தொட்டில். மணிக்கணக்கில் போன் பார்த்தால் பேச்சு பின்தங்கும், பிறரோடு பழகும் நேரம் குறையும். இரண்டு வயதுக்கு முன்னால் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. ஆனால் போன் பார்ப்பதாலேயே வருகிற ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று யூடியூபில் வருவது மருத்துவ வகைப்பாட்டில் இல்லாத பெயர். போனை நிறுத்திப் பாருங்கள், கட்டாயம் நிறுத்துங்கள்; அதன் பலன் தெரியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம்.

சரி, எங்கே போவது? கையிலேயே ஒன்று இருக்கிறது: பிரசவத்தின்போது கொடுத்த தாய் சேய் நல அட்டை. ஊசி போடும் பக்கத்தை மட்டும்தான் எல்லோரும் திறக்கிறோம். எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற படங்களும் அதில் உண்டு. அடுத்து அங்கன்வாடி. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடமாடும் மருத்துவக் குழு இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரவேண்டும் என்பது விதி. வரும் நாளை டீச்சரிடம் கேட்டுவைத்து, அன்று பிள்ளையைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். ‘அன்னிக்கு அழுவான், கூட்டிட்டுப் போகல’ என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

அங்கிருந்து அனுப்புவது, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைச் சீக்கிரமே பார்த்துப் பயிற்சி கொடுக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு. ஊழியர்கள் பேச்சில் டி.இ.ஐ.சி. அது இருக்கும் ராமநாதபுரம் ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் சொச்சம். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று பஸ் நின்று நின்று போய்ச் சேர ஒரு நாள் கூலி போய்விடும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்த பிறகு, எல்லாவற்றுக்கும் மதுரை ஓட வேண்டிய நிலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. எந்த நாளில் பேச்சுப் பயிற்சியாளர் இருப்பார், எந்த நாளில் குழந்தை மருத்துவர் பார்ப்பார் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருப்பார். அலைச்சலுக்கு அது நல்ல காலம். அதற்காகத் தை மாதத்தில் தெரிந்ததைச் சித்திரை வரை தள்ள வேண்டாம்.

அங்கே என்ன செய்வார்கள்? 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைக்கு எம்-சாட் என்று ஒரு வினாத்தாள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். அது ஒரு சல்லடைதான். தேறாவிட்டால் ஆட்டிசம் என்று பொருள் இல்லை, அடுத்த கட்டம் பார்க்க வேண்டும் என்று பொருள். மூன்று வயதுக்கு மேல் இசா என்ற இந்திய அளவுகோல் உண்டு. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்த எண்தான் அடிப்படை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று என்பதால், மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவது உரிமை. கல்யாணச் சந்தையில் பிரச்சினை வரும் என்று அட்டையே வேண்டாம் என்ற குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது வயது நான்கு!

என் தங்கை மகள் முதலில் போனது ஒரு தனியார் டாக்டரிடம். ஐந்து நிமிடம் பார்த்தார். பையன் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். “ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், மூணு வயசு வரைக்கும் பாருங்க” என்று டானிக் எழுதிக் கொடுத்தார். ஆண் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் ஆட்டிசம் கண்டறியப்படுவதும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். எனவே ‘ஆம்பளப் பிள்ளை’ என்பது காத்திருக்கக் காரணமாகவே ஆகாது. பெண் குழந்தைகளுக்கு வேறு கஷ்டம். சாதுவாக ஒரு மூலையில் இருந்தால் ‘தங்கமான பிள்ளை’ என்று விட்டுவிடுவார்கள்.

இது ஆட்டிசம்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லும்வரை பயிற்சி தொடங்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம். ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரிந்தால், அம்மாவும் பிள்ளையும் கூடுதலாக விளையாடியதில் என்ன நஷ்டம்?

பயிற்சி என்றால் நகரத்து நிபுணர் ஏசி அறையில் செய்வது மட்டும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஒரு சோதனை 2016இல் வெளியானது; 65 குழந்தைகள். நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வீட்டுக்குப் போய், அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதையே அம்மாவுக்குப் போட்டுக்காட்டிப் பேசினார்கள். அம்மாக்கள் பிள்ளையின் போக்குக்கு இசைந்து நடந்துகொள்வது கூடியது, பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எங்கள் மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது.

சாரம் எளிது, செய்வதுதான் கடினம். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நாம் பார்க்க வேண்டும். நம் பொம்மையை அதன் முகத்தில் திணிக்கக் கூடாது. அவன் மிதவை அடுக்கினால், எதிரே உட்கார்ந்து அடுத்த மிதவையை நாம் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. ‘மிதவை’ என்று ஒரே சொல். கேள்வி மேல் கேள்வி வேண்டாம். ‘கை வீசம்மா கை வீசு’ பாடி, ‘கடைக்குப் போகலாம்’ வந்ததும் நிறுத்துவது. ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம் ஆட்களுக்கு முடியாது. அந்த ஐந்து எண்ணிக்கையில்தான் பிள்ளை நம் முகத்தைத் தேடும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. பயிற்சிப் படங்களில் ‘ஆப்பிள், பால் (ball)’ என்று இங்கிலீஷ் இருப்பதால் வீட்டிலும் இங்கிலீஷில் பேசச் சொல்லும் ஆட்கள் உண்டு. தேவையில்லை. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூடுதல் பின்னடைவு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவுக்குத் தடுமாறும் மொழியில் கொஞ்ச முடியாது.

ஆட்டிசத்தின் அடிப்படையை மாற்றும் மருந்து கிடையாது. தூக்கம், வலிப்பு, கடும் மூர்க்கம் போன்றவற்றுக்கு மட்டும் மருத்துவர் மருந்து தருவார். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022இல் சொல்லிவிட்டது.

டாக்டர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று எங்கள் கடற்கரைக்கு முக்கியம்: தண்ணீர். இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் மேல் அப்படி ஒரு ஈர்ப்பு. சொல்லாமல் கிளம்பிப் போய்விடும் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து. அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு என்று கணக்கு வந்தது. கடல் மட்டும் இல்லை. ஊரணி, கிணறு, வீட்டுத் தொட்டி எல்லாம் கணக்குத்தான். பேர் சொன்னால் திரும்பாத பிள்ளையைக் கரையில் நின்று கூப்பிட்டுப் பயனில்லை. கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், கழுத்தில் மாட்டினால் இழுத்துப் போடும் பிள்ளைக்குச் சட்டையின் உள்பக்கம் தைத்த போன் நம்பர், வயது வந்ததும் நீச்சல். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட இது கஷ்டம், ஏனென்றால் சொன்னால்தான் ஊருக்குத் தெரிந்துவிடுமே.

என் தங்கை மகள் சொன்னாள். முதலில் அடுத்த வீட்டு அக்காவிடம், பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் அதே வீடு. மருத்துவமனைக்குப் போகுமுன் போனில் மூன்று சின்ன வீடியோ எடுத்தாள்: பேர் சொல்லிக் கூப்பிடுவது, அவன் தானாக விளையாடுவது, பசித்தால் கேட்பது. புது இடத்தில் பிள்ளை அழுதே தீர்த்துவிடும், டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. இந்த வீடியோக்கள்தான் அன்று பேசின. ஃபிரிட்ஜ் கதவு வீடியோவை அங்கே இருந்த டாக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். காதுப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்து, பேச்சுப் பயிற்சிக்கு அடுத்த புதன்கிழமையே வரச் சொன்னார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர் அவர்தான்.